போயா நாளின் பச்சை விளக்கு

கண்டி,
கட்டுகஸ்தோட்டை வீதி.
2023 ஜனவரி 9

அன்புள்ள ராக்கு,

நாவலப்பிட்டியில் நான் ஏழாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பித்த காலத்தில், பேச்சியம்மா என்று ஒரு பிள்ளை எழுந்து நின்று கேட்டாள். "சேர், தண்ணிய வடிகட்டிக் குடிக்கச் சொல்றீங்க. காத்த மட்டும் ஏன் அப்பிடியே குடிக்கிறோம்?" வகுப்பே சிரித்தது. நான் மூக்கிலுள்ள மயிரைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினேன். மணி அடித்ததால் தப்பினேன். நீ பையைத் தூக்கிக்கொண்டு ஹுன்னஸ்கிரிய பஸ்ஸில் ஏறிய அன்று அந்தக் கேள்வி திரும்ப வந்து என் முன்னால் நின்றது. இந்த முறை மணி அடிக்கவில்லை.

"இந்த ரோட்டுப் புகையில இனி என்னால மூச்சு விட முடியாது" என்று மட்டும் சொன்னாய். உன் தங்கை வீட்டில் எத்தனை நாள் இருப்பாய் என்று சொல்லவில்லை. நான் பென்ஷன் எடுத்த பிறகு இரண்டு பேரும் ஒரே வீட்டில் நிம்மதியாக இருப்போம் என்று நினைத்திருந்தேன். மகள் கொழும்பிலிருந்து போன் எடுத்து, "அப்பா, அம்மாவோட சண்டை போட்டீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். போடவில்லைதானே?

நீ ரோட்டைக் குறை சொன்னது நியாயம். கண்டி ஒரு கிண்ணம். சுற்றிலும் மலை, அடியில் நாம். இரவில் சரிவுகளிலிருந்து குளிர்காற்று வழிந்து இறங்கிக் கிண்ணத்தின் அடியில் படுத்துக்கொள்கிறது. அதற்கு மேலே இளஞ்சூடான காற்று ஒரு மூடிபோல உட்கார்ந்துவிடுகிறது. விடிந்ததும் பள்ளி வேன்களும் பஸ்களும் விடும் புகை அந்த மூடியைத் தாண்ட முடியாமல் கீழேயே சுற்றுகிறது. டிசம்பரில் ஹந்தானை மலையே தெரியாமல் மங்கிக் கிடந்தபோது நீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கினாய். அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆகவே இரண்டு வேலை செய்யப் போகிறேன். ஒன்று தொடங்கிவிட்டது. ரோட்டுப் பக்கத்து ஜன்னல்களை மூடிவிட்டேன். ஜன்னலுக்கு மேலே காற்றுக்காக விட்டிருந்த துளைகளிலும் அட்டை வெட்டிச் செருகிவிட்டேன். இரண்டாவது, காற்றை வடிகட்டும் மெஷின் ஒன்று வாங்குவது. டொக்டரும் சொன்னாரே, உன் நெஞ்சுக்குத் தூசி ஆகாது, தூசி இல்லாத இடமாகப் பார் என்று. இடத்தை மாற்றுவதைவிடத் தூசியை வெளியேற்றுவது நல்லதல்லவா?

வீட்டு முன் ஹோலில் மாலை வகுப்பு வழக்கம்போல நடக்கிறது. பிள்ளைகள் தினமும், "டீச்சரம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்கிறார்கள். நீ டீச்சர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அவர்களுக்கு நீ டீச்சரம்மாதான்.

மூச்சுக்கு டொக்டர் தந்த பம்பை மறக்காமல் இழு.

உன்
செல்லச்சாமி


ஹுன்னஸ்கிரிய,
2023 ஜனவரி 18

மாஸ்டருக்கு,

கடிதம் கிடைத்தது. வேலாயி கவரைக் கையில் வைத்து எடை பார்த்துவிட்டு, "என்னக்கா, மச்சான் பரீட்சைப் பேப்பரை அனுப்பிட்டாரா?" என்று கேட்டாள்.

நான் போனை எடுப்பதில்லை என்று மகளிடம் சொன்னீர்களாம். இங்கே கோயில் மேட்டில் ஏறி நின்றால்தான் சிக்னல். அது ஒரு காரணம். இன்னொன்று, போனில் நீங்கள் பாடம் நடத்தினால் நான் கேட்டுத்தான் தீர வேண்டும். கடிதமென்றால் கிண்ணம், மூடி எல்லாவற்றையும் பாதியில் மடித்து வைத்துவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து மிச்சத்தைப் படிக்கலாம்.

நாம் சண்டை போட்டோமா என்று கேட்கிறீர்கள். சண்டைக்கு இரண்டு பேர் வேண்டும். நீங்கள் வகுப்பில் இருந்தீர்கள்.

இங்கே நான் படுத்துத் தூங்குகிறேன். நீட்டி நிமிர்ந்து. முதல் நாள் காலையில் எழுந்தபோது எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை. இங்கேயும் எல்லாம் சரி என்று நினைக்க வேண்டாம். காஸ் தட்டுப்பாட்டில் விறகடுப்புக்குப் போன வேலாயி இன்னும் திரும்பவில்லை. அவள் சமைக்கும் நேரத்தில் அடுப்படியில் ஆளைக் காண முடியாது, இருமலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் வெளியே போய்த் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொள்வேன். மூடுபனி வந்தால் சேலை உலர நாலு நாள் ஆகிறது. ஆனாலும் இரவில் இழுப்பு இல்லை.

நேற்று வேலாயியின் வீட்டுக்காரர் ஒரு பேச்சு எடுத்தார். "மதினி, நீங்க இங்கயே இருந்துருங்க. பக்கத்துல ஒரு ரூம் இறக்கிருவோம். மழைக்கு முன்ன முடிக்கணும்னு செவரு கட்டுற மேசன் பாஸ் சொல்றாரு. இருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, கல்லு இறக்கிருவேன்" என்றார். சின்னமுத்து வாயால் சொன்னால் செய்கிறவர். சித்திரைக்குள் அவருக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

ரூம் கட்டிவிட்டால் அதைப் பூட்டி வைக்க முடியாது. அதில் நான் இருந்தாக வேண்டும். நீங்கள் அங்கே, நான் இங்கே. அதையும் உங்கள் கிண்ணத்தில் போட்டு யோசியுங்கள்.

மெஷின் வாங்க வேண்டாம். பொங்கலுக்குப் பானை வைத்தீர்களா, கடைச் சாப்பாடா?

இப்படிக்கு,
ராக்கம்மா


கண்டி,
2023 ஜனவரி 30

அன்புள்ள ராக்கு,

கடைச் சாப்பாடுதான். மெஷினும் வாங்கிவிட்டேன். இரண்டுக்கும் சேர்த்துத் திட்டு.

ஹபீலின் கடையில் வாங்கினேன். அவருடைய வாப்பா காலத்திலிருந்து நாம் பல்பு வாங்குகிற கடை. போனதும் நீல வெளிச்சம் வீசும் ஒன்றை எடுத்து வைத்து, "இதுல ரோஸ் வாசமும் ஈக்கி மாஸ்டர், மோந்து பாருங்க" என்றார்.

"வாசம் அழுக்க எடுக்காது தம்பி. வேர்த்த சட்டைக்கு சென்ட் அடிச்ச மாதிரி" என்றேன்.

"அப்ப சென்ட் விக்கிற நாங்க எங்க போற?" என்று சிரித்துவிட்டு, பின்பக்கத்திலிருந்து வேறொன்றைக் கொண்டுவந்தார். அதைத் திறந்து காட்டச் சொன்னேன். உனக்கும் காட்டுகிறேன், தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தே படி.

நீ மா அரிப்பதை நினைத்துக்கொள். முதலில் கட்டியைப் பொறுக்குகிறாய், பிறகு அரிதட்டில் போடுகிறாய், பலகாரத்துக்கு என்றால் துணியிலும் ஒருமுறை சலிக்கிறாய். இந்த மெஷினும் அப்படித்தான். முன்னால் ஒரு வலை இருக்கிறது. நூலும் மயிரும் பெரிய தூசியும் அதில் நிற்கும். அதைக் கழுவலாம். அதற்குப் பின்னால் விசிறிபோல மடித்த தடித்த கடதாசி. கடையில் ஹெப்பா என்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத புகைத்துகளை அதுதான் பிடிக்கும். அதைக் கழுவக் கூடாது, மாற்ற வேண்டும். கடைசியில் கரித்தட்டு. அது வாசனையை வாங்கிக்கொள்ளும், தூசியைப் பிடிக்காது. நமக்கு எதிரி பஸ் புகை. அதில் துகளும் இருக்கிறது, எண்ணெய் வாசமும் இருக்கிறது. ஆகவே மூன்றும் உள்ளதை எடுத்தேன். கடலோரத்தில் வீடு இருந்தால் வேறு விதமாக யோசித்திருப்பேன். ஊர்க் காற்றைப் பார்த்துத்தான் மெஷின் எடுக்க வேண்டும், பெட்டியின் மேலுள்ள படத்தைப் பார்த்து அல்ல.

அறையின் அளவையும் சொன்னேன். சின்ன மெஷினைப் பெரிய அறையில் வைப்பது, வெள்ளம் வந்த வீட்டில் டம்ளரால் தண்ணீர் இறைக்கிற வேலை. நம் படுக்கையறைக்கு இது தாராளம். கரண்ட் போகும் நேரத்தில் மட்டும் வெறும் பெட்டி.

அதில் ஒரு விளக்கு இருக்கிறது. காற்று சுத்தமென்றால் பச்சை, கெட்டால் மஞ்சள், மிகவும் கெட்டால் சிவப்பு. காலையில் பள்ளி வேன்கள் போகும் நேரம் மஞ்சள். பகலில் பச்சை. பின்னேரம் பிள்ளைகள் போன பிறகு, பலகையைத் துடைத்துவிட்டு அறைக்குள் எட்டிப் பார்க்கிறேன், நெருப்புத் துண்டுபோல் சிவப்பு! அந்த நேரம் ரோட்டில் பஸ் அசைய இடமில்லை. உன் எதிரியை இப்போது நான் கண்ணால் பார்க்கிறேன், ராக்கு. ஹோலின் கதவிடுக்கிலும் சாக்கு மடித்து வைத்துவிட்டேன்.

அடுத்த மாதம் உனக்கு ஆஸ்பத்திரியில் கிளினிக் நாள் வருகிறது. முடித்துவிட்டு வீட்டுக்கு வா. ஓர் இரவு தங்கிப் பார். பிறகு சின்னமுத்துவுக்குப் பதில் சொல்.

உன்
செல்லச்சாமி


ஹுன்னஸ்கிரிய,
2023 பெப்ரவரி 24

மாஸ்டருக்கு,

கிளினிக் முடிந்து ஓர் இரவு தங்கிவிட்டு, விடிந்ததும் சொல்லாமல் பஸ் ஏறியது பிழைதான். நீங்கள் கேத்தலில் தண்ணீர் வைத்துவிட்டு இரண்டு கோப்பையையும் கழுவிக்கொண்டிருந்தீர்கள். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு, "நான் போறேங்க" என்று சொல்ல வாய் வரவில்லை.

மத்தியானம் வந்து இறங்கியபோது நன்றாகத்தான் இருந்தது. நீங்கள் பெட்டியைக் காட்டி, பச்சை, பச்சை என்று குழந்தைமாதிரிச் சொன்னீர்கள். நானும் மூச்சை இழுத்துப் பார்த்தேன். சுகமாகத்தான் இருந்தது. அப்புறம் பின்னேரம் பிள்ளைகள் வந்தார்கள். அந்தச் சின்னப் பெண் அனீஸா, "டீச்சரம்மா, நீங்க இல்லாம சேர் எங்களுக்கு பிஸ்கட் தாறதே இல்ல" என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். நீங்கள் பலகையில் பூவை வரைந்து மகரந்தம், சூலகம் என்று கலர் கலராக எழுதினீர்கள். நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன். இரவெல்லாம் உட்கார்ந்திருந்தேன். பெட்டி என் பக்கத்தில் சிவந்துபோய் உறுமிக்கொண்டிருந்தது, பாவம்.

உங்கள் மெஷினை நான் குறை சொல்லவில்லை. அது தன்னால் முடிந்ததைச் செய்கிறது. உங்களையும் குறை சொல்லவில்லை. ரோட்டில் பஸ் ஓடத்தான் செய்யும், நிறுத்தச் சொல்ல முடியுமா?

இங்கே ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க வேண்டாம். அது உங்களுக்கு வேண்டாத வரி.

மேசன் பாஸ் வந்து இடத்தைப் பார்த்துவிட்டுப் போனார். சின்னமுத்து என் முகத்தைப் பார்த்தார். நான் கீரை ஆய்வதுபோல் குனிந்துகொண்டேன். எத்தனை நாளைக்குக் கீரை ஆய முடியும்?

ராக்கம்மா


கண்டி,
2023 மார்ச் 7

அன்புள்ள ராக்கு,

அடித்த வரியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். படிக்க முடியவில்லை. ஆனால் நேற்று அதைப் படித்துவிட்டேன். எப்படி என்று சொல்கிறேன்.

நேற்று போயா, பௌர்ணமி விடுமுறை. வகுப்பு இல்லை. ஆனால் ரோட்டில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வாகனம். மாளிகாவைக்குப் புத்தரைக் கும்பிட வருகிற ஆட்கள், வெள்ளை உடுத்த கூட்டம், வெளியூர் பஸ்கள், திரீவீல்கள். பின்னேரம் வாசலில் நின்றால் தொண்டை கரகரத்தது. இன்றைக்கு விளக்கு வெடித்தே போகும் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

பச்சை.

கெட்டுப்போய்விட்டதோ என்று தட்டிப் பார்த்தேன். ஒரு நெருப்புக்குச்சியைக் கிழித்து ஊதி, அந்தப் புகையைக் காட்டினேன். உடனே சிவந்தது, கொஞ்ச நேரத்தில் பச்சைக்கு வந்தது. மெஷினுக்கு ஒன்றுமில்லை. பஸ் இருக்கிற நாளில் பச்சை; அப்படியானால் சிவப்பு பஸ்ஸால் வருவதில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை இந்தக் கணக்கைச் செய்ய இவ்வளவு நாள் எடுத்திருந்தால் நான் காதைப் பிடித்திருப்பேன்.

பிளக்கைக் கழற்றிவிட்டு மெஷினைத் திறந்தேன். வலை கறுத்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். வெள்ளையாக இருந்தது, ராக்கு. மாவு பூசியதுபோல் வெள்ளை. நடுவே கொஞ்சம் இளஞ்சிவப்பும் மஞ்சளும். நான் பூ வரைந்த நாளின் நிறம். விரலில் தொட்டுத் தேய்த்தேன். தேய்க்கவே தேவையில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து தினமும் அதைத்தான் சட்டையிலிருந்து தட்டிக்கொண்டு உன்னிடம் வந்தேன். சோக்குத் தூள்.

முன்பு ஜன்னல் திறந்திருந்தது. பலகை துடைத்த டஸ்டரை ஜன்னல் கம்பியில் தட்டுவேன், தூள் பாதி ரோட்டுக்குப் போகும், பாதி காற்றோடு உள்ளே திரும்பும்; அதுவே உனக்குப் போதுமாக இருந்திருக்கிறது. உன் இருமலுக்கு ரோடு காரணம் என்றதும் ஜன்னலை மூடினேன். துளையை அடைத்தேன். அடைத்துவிட்டு டஸ்டரை எங்கே தட்டினேன் தெரியுமா? ஹோல் மூலையில். ஹோலுக்கும் நம் அறைக்கும் நடுவிலுள்ள சுவர் கூரைவரை போகவில்லை. அதற்கு மேலாகத் தூள் ஏறி உன் கட்டிலில் இறங்கியிருக்கிறது. எதிரி உள்ளே இருக்க, வாசலைப் பூட்டிக் காவல் நின்றிருக்கிறேன்.

ரோட்டின் மேலும் பிழை இல்லாமல் இல்லை. வலைக்குப் பின்னாலுள்ள கடதாசி சாம்பல் நிறமாகிவிட்டது. அது பஸ் புகை. ஆனால் உன்னை எழுப்பி உட்கார வைத்தது அது அல்ல என்று நினைக்கிறேன்.

உனக்கு இது தெரியும். தெரிந்துகொண்டே பஸ் மேல் பழி போட்டாய். ஏன் என்னிடம் சொல்லவில்லை? நான் என்ன, கேட்க மாட்டேன் என்று சொல்லும் ஆளா? இதற்குப் பதில் எழுது. பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். இந்த வாரம் வகுப்பு இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன்.

செல்லச்சாமி


ஹுன்னஸ்கிரிய,
2023 மார்ச் 13

என்னங்க,

கழற்றிவிட்டீர்களா? இதற்குத்தான் சொல்லவில்லை.

நீங்கள் பென்ஷனுக்கு வந்த வருடம் நினைவிருக்கிறதா? உங்களுக்கு இருக்காது, எனக்கு இருக்கிறது. காலையில் உடுத்திக்கொண்டு கதிரையில் உட்காருவீர்கள். பஸ் போகும், பார்ப்பீர்கள். சாப்பிட வாங்க என்றால் வருவீர்கள், உப்பு இல்லாவிட்டாலும் தெரியாது. பேப்பரை ஒரே பக்கத்தில் பிடித்துக்கொண்டு இருப்பீர்கள். எத்தனை மாதம்! பக்கத்து வீட்டு றமீஸா, "மாஸ்டருக்கு ஏதாச்சும் சொகமில்லையா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, மறுநாள் தன் மகள் அனீஸாவைக் கொப்பியோடு அனுப்பினாள். அவளோடு மற்றவர்களும் வந்தார்கள். நீங்கள் எங்கிருந்தோ பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். அன்று இரவு, "ரசத்துல உப்புக் கூடிப்போச்சு" என்றீர்கள். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

அந்தப் பலகையை நான் எப்படிக் கழற்றச் சொல்வேன்?

போன வருடமே தெரியும். பள்ளி விடுமுறையில் உங்கள் வகுப்பும் இல்லை, எனக்கு இழுப்பும் இல்லை. வகுப்புத் தொடங்கியது, வந்துவிட்டது. பலகையா நானா என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று நான் பயப்படவில்லை. யோசிக்காமல் கழற்றிவிடுவீர்கள் என்றுதான் பயந்தேன். கழற்றிவிட்டு மறுபடி அந்தக் கதிரையில் போய் உட்காருவீர்கள். அதைப் பார்த்துக்கொண்டு நான் நன்றாக மூச்சுவிட்டு என்ன செய்ய? அதனால் பஸ்ஸைச் சொன்னேன். பஸ்ஸுக்கு மனசு நோகாது.

அடித்த வரி இதுதான்: "சோக்கு எனக்கு ஆகவில்லை, ஆனால் வகுப்பை விட்டுவிடாதீர்கள்."

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். பாடம் நடத்துங்கள். எப்படி நடத்துவது என்பதை நீங்கள் யோசியுங்கள், காற்றைப் பற்றி நாலு பக்கம் எழுதத் தெரிந்த ஆள்தானே.

சின்னமுத்துவிடம் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். "எவ்வளவு காலம் மதினி? மழ நமக்காகப் பொறுக்குமா?" என்றார். சித்திரைக்குமேல் அவரைக் காக்க வைக்க முடியாது.

ராக்கு


கண்டி,
2023 மார்ச் 26

அன்புள்ள ராக்கு,

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். ரசம் அன்று நிஜமாகவே உப்புத்தான்.

பிள்ளைகள் வந்துவிட்டார்கள். நடந்ததைச் சொல்கிறேன். முதலில் வெள்ளைப் பலகையும் மை பேனாவும் வாங்கிப் பார்த்தேன். தூள் இல்லை, ஆனால் பேனாவின் நெடி மண்டைக்கு ஏறியது. அறைக்குள் அந்த வாசம் உனக்கு வேறொரு தொல்லையாக வந்துவிடும் என்று ஹபீலிடமே திருப்பிக் கொடுத்தேன். "மாஸ்டர், ஒங்களுக்கு யாவாரம் செய்ற கஷ்டம்" என்று வாங்கிக்கொண்டார்.

பிறகு வீட்டைச் சுற்றி நடந்தேன். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக் கையில் வைத்துக்கொண்டு, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒவ்வொரு கதவிலும் பார்த்தேன். பின்பக்கத்து விறாந்தையில் மலையிலிருந்து காற்று இறங்கி வேலிப் பக்கமாகப் போகிறது, வீட்டுக்குள் வரவில்லை. பலகையை அங்கே மாட்டிவிட்டேன். பிள்ளைகளுக்குப் பாய் விரித்தோம். டஸ்டர் இல்லை இப்போது, ஈரத்துணியால் துடைக்கிறோம். துடைப்பதற்குப் பிள்ளைகளுக்குள் போட்டி. "சேர், இன்னைக்கு என் முற!" என்று அனீஸா வாளியைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறாள். மழை வந்தால் வகுப்பு இல்லை, கதை மட்டும். அவர்கள் மழைக்கு வேண்டுகிறார்கள்.

ஜன்னல் அட்டைகளை எடுத்துவிட்டேன். காலையில் வேன் போகும் நேரமும் பின்னேர நெரிசலும் மட்டும் ரோட்டுப் பக்கத்தை மூடுகிறேன், மற்ற நேரம் பின்பக்கத்து ஜன்னல் திறந்தே இருக்கிறது. மூடிய வீட்டில் மெஷின் ஓடுவது, அழுக்குத் தண்ணீரில் துணி அலசுகிற மாதிரி. கொஞ்சம் நல்ல தண்ணீரும் ஊற்ற வேண்டும். வலையைக் கழுவினேன், கடதாசியைப் புதிதாக மாற்றினேன். இரவு நம் அறையில் ஓட விடுகிறேன். போன வாரம் முழுவதும் பின்னேர விளக்கு ஒரு நாள்தான் மஞ்சளானது. அன்று றமீஸா வேலியோரம் சருகு கொளுத்தினாள்.

வேலாயி வீட்டுக்கும் ஒன்று சொல்கிறேன். அங்கே மெஷின் வாங்க வேண்டாம். விறகுப் புகையை மெஷினால் அள்ளி முடியாது, கடதாசி சில நாளில் கரியாகிவிடும். புகைக்கு மேலே போக வழி வேண்டும். அடுப்புக்கு நேரே ஒரு தகரக் குழாய் வைத்துக் கூரைக்கு மேல் தூக்கிவிட்டால் போதும். சித்திரைக்கு முன் வரும் போயாவுக்கு நான் அங்கே வருகிறேன். நானும் சின்னமுத்துவும் மேசன் பாஸும் சேர்ந்து அதைச் செய்துவிடலாம். உனக்கு ரூம் கட்டினாலும் கட்டாவிட்டாலும் வேலாயிக்கு நெஞ்சு இருக்கிறதல்லவா.

இனி நம் விஷயம். நீ திரும்பி வா என்று நான் எழுதப் போவதில்லை. போன முறை பச்சை, பச்சை என்று சொல்லி உன்னைக் கூப்பிட்டேன். என் ஆசைக்கு அந்த விளக்குத் தலையாட்டியது. இந்த முறை நான் சொல்வதை நம்ப வேண்டாம்.

இந்தக் கவரில் ஒரு வெள்ளைத் துண்டு வைத்திருக்கிறேன். உன் தலையணை உறைதான். பாதியாக வெட்டினேன், திட்டாதே. மற்றப் பாதியை நம் அறையில் உன் கட்டில் தலைமாட்டில் கட்டித் தினமும் நனைக்கிறேன், ஈரத்தில்தான் தூசி ஒட்டும். நுண்ணிய புகையெல்லாம் இதில் தெரியாது, இது பெரிய விஞ்ஞானமும் அல்ல. ஆனால் ஒரே துணி, ஏறக்குறைய ஒரே நாட்கள், இரண்டு வீடு. கண் பார்த்துச் சொல்லும். அடுத்த போயாவுக்குக் கண்டித் துண்டைக் கொண்டுவருகிறேன், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கண்டித் துண்டு வெள்ளையாக இருந்தால் நீ என்னோடு பஸ் ஏறு. அங்குள்ளது வெள்ளையாக இருந்தால் சின்னமுத்துவிடம் சொல், ரூமைக் கொஞ்சம் அகலமாகவே கட்டட்டும், ஒரு பலகை மாட்ட வெளியே ஒரு விறாந்தையும் இறக்கட்டும். அங்கேயும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இருப்பார்கள். நான் வந்துவிடுகிறேன். எந்தத் துண்டு வென்றாலும் தலையணை இரண்டும் ஒரே வீட்டில்.

ஆகவே இன்று மாலையே இதைச் செய்: துண்டை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, நீ தலை வைத்துப் படுக்கும் பக்கம் தொங்கவிடு, தினமும் பின்னேரம் திரும்ப நனை, போயா அன்று பகல் வெளிச்சத்தில் எடுத்துப் பார்.

உன்
செல்லச்சாமி